நந்தா விளக்கு

நாளை என்பது எவரும் காணாத நாள். ஆயினும், உலகில் நடைபெறும் பணிகளுள் பெரும்பகுதி அந்த நாளைக்காகவே நடைபெறுகின்றது. உழவர் இன்று விதைப்பது பின்வரும் விளைவுக்காக. மாணவர் இன்று கற்பது பின்வரும் வாழ்வுக்காக. தாய் முன்னிரவில் மாவரைத்து வைப்பது மறுநாட் காலை உணவுக்காக. கண்ணாற் காணாத ஒன்றுக்காகக் கையிலுள்ள பொருளையும் காலத்தையும் உழைப்பையும் கொடுக்குமாறு மக்களைத் தூண்டுவது யாது? அதனையே நம்பிக்கை என்கின்றோம். மூச்சு இயங்கும்போது அதனை நாம் எண்ணுவதில்லை. அது தடைப்படும்போதே அதன் அருமையை உணர்கின்றோம். நம்பிக்கையும் அத்தகையதே. அது நம்மிடம் உள்ளபோது புலப்படுவதில்லை. அது தளர்ந்தபோது, எழுந்து நடப்பதும் உண்பதுங்கூடப் பெருஞ்சுமையாகத் தோன்றும். ஆதலின், அதன் இயல்பை அறிந்து போற்றுதல் நம் கடமையாகும்.

முதலில் இச்சொல்லின் பொருளைக் காண்போம். தொல்காப்பியத்தின் உரியியல், ‘நம்பு’ என்னும் சொல்லுக்கு நசை என்று பொருள் கூறுகின்றது. நசையாவது விருப்பம். பிற்காலத்தில் அச்சொல் ஒன்றனை உறுதியாகப் பற்றி நிற்றலைக் குறிக்கலாயிற்று. இன்று நாம் வழங்கும் நம்பிக்கை என்னும் சொல்லில் இவ்விரண்டு பொருள்களும் கலந்துள்ளன. ‘பிரிந்து சென்ற நண்பர் திரும்பி வருவார் என்று நம்புகின்றேன்’ என ஒருவர் கூறும்போது, வரவேண்டும் என்னும் விருப்பமும் உண்டு. வருவார் என்னும் உறுதியும் உண்டு. உறுதியில்லாத விருப்பம் வெறும் ஆசை. ஐயத்துக்குச் சிறிதும் இடமில்லாத உறுதி வெறும் கணக்கு. நாளைக் காலையில் கதிரவன் தோன்றும் என்பதை எவரும் தம் நம்பிக்கையாகக் கூறுவதில்லை, அது கணக்கின்பாற்படும். நிகழவுங்கூடும், நிகழாமற் போகவுங்கூடும் என்னும் இடத்திலேதான் நம்பிக்கை பிறக்கின்றது. அவ்விடத்தில் வாளா இராமல், நிகழ்வதற்கு வேண்டும் நம் பங்கினைச் செய்து நிற்றலே நம்பிக்கையின் தனி இயல்பாகும்.

இவ்வுண்மையை ஓர் ஊரின் வாழ்வைக்கொண்டு விளக்கலாம். வட தமிழகத்தில், 2,668 அடி உயரமுள்ள மலை ஒன்றன் கீழைச் சரிவின் அடியில் அமைந்தது திருவண்ணாமலை. இந்நகர் 1989-ஆம் ஆண்டு முதல் ஒரு மாவட்டத்தின் தலைநகராக விளங்குகின்றது. மலையைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. முழுநிலா நாள்களில் அப்பாதையில் மக்கள் வெள்ளம் இரவு முழுதும் நகர்ந்துகொண்டே இருக்கும். வருவோர் ஒவ்வொருவரும் ஒரு நம்பிக்கையைச் சுமந்து வருகின்றனர். ஆயின், அவர்களை வரவேற்கும் ஊரும் மலையும் வயலுமே நம்பிக்கையைப் பற்றி நமக்குப் பல செய்திகளைக் கூற வல்லவை.

ஊரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் செம்மண் நிலங்களைக் காணலாம். இம்மாவட்டத்தில் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உண்டு. ஆயினும், வானத்தை மட்டுமே நோக்கி நிற்கும் மானாவாரி நிலங்களும் பலவாகும். அங்கே விளையும் பயிர்களுள் சிறந்தது நிலக்கடலை. இவ்வட்டாரத்து மக்கள் அதனை மல்லாட்டை என்பர். மழையை எதிர்பார்க்கும் உழவர் மழை வரும்வரை திண்ணையில் அமர்ந்திருப்பதில்லை. கோடையில் ஒரு சிறு மழை பெய்தவுடனே நிலத்தை உழுதுவிடுகின்றனர். கோடை உழவினால் மண் பொலபொலப்படைகின்றது. பின்னர் வரும் மழைநீர் வழிந்தோடாமல் நிலத்தினுள் இறங்குகின்றது. மண்ணுள் மறைந்து கிடக்கும் பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் வெயிலில் பட்டு அழிகின்றன. மழையைப் பெய்விக்கும் ஆற்றல் உழவருக்கு இல்லை. பெய்யும் மழையைத் தாங்கிக்கொள்ளுமாறு நிலத்தைப் பதப்படுத்தும் ஆற்றல் அவருக்கு உண்டு. தம் ஆற்றலுக்கு உட்பட்டதை அவர் முன்னரே செய்து முடிக்கின்றார். எஞ்சியதற்குக் காத்திருக்கின்றார்.

அவ்வுழவரது வீட்டில் மற்றொன்றையும் காணலாம். அது விதைக்கென ஒதுக்கிய கடலை மூட்டை. உணவுக்கு முட்டுப்பாடு வந்தபோதும் அம்மூட்டையில் கைவைக்க வீட்டார் தயங்குவர். விதையை உண்டவர் இன்றைய பசியை ஆற்றிக்கொள்வார். ஆனால், அடுத்த ஆண்டின் விளைவையும் சேர்த்து உண்டுவிடுவார். பசித்த வயிற்றோடு விதையைக் காத்த குடும்பங்கள் நம் நாட்டில் எத்தனை! அவர்கள் நம்பிக்கை என்னும் சொல்லைக் கூறினார்களோ இல்லையோ, அதன் பொருளை வாழ்ந்து காட்டினர்.

உழவரின் நம்பிக்கை ஏறத்தாழ நான்கு திங்களில் பயனைக் காண்பது. காணாவிடினும், அடுத்த பருவத்தில் மீண்டும் முயல இடந்தருவது. ஒருவர் வாழ்நாளில் முடிவுறாத பணிகளும் உள்ளன. அத்தகையதொரு பணியை ஊரின் நடுவே காண்கின்றோம். அண்ணாமலையார் கோயிலின் கீழைக் கோபுரம் பதினொரு நிலைகளையுடையது. 217 அடி உயரமுடையது. விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் அதனைக் கட்டத் தொடங்கினார். அவர் 1509 முதல் 1529 வரை ஆட்சி புரிந்தவர். கோயிலின் ஆயிரங்கால் மண்டபமும் சிவகங்கைத் தீர்த்தமும் அவர் காலத்துத் திருப்பணிகளே. ஆயினும், வானளாவிய அக்கோபுரம் முடிவுற்று நின்ற காட்சியை அவர் காணவில்லை. தஞ்சை நாயக்க அரசின் முதல் மன்னராகிய சேவப்ப நாயக்கரே பின்னர் அதனைக் கட்டி முடித்தார்.

அப்பணியில் ஈடுபட்ட கல்தச்சரையும் சுமை தூக்கியவரையும் எண்ணிப் பாருங்கள். அடித்தளத்துக் கல்லை இழைத்துப் பொருத்திய ஒருவர், மேலே கலசம் ஏறும் நாளைக் காணப் போவதில்லை என்பதை அறிந்தே இருப்பார். அதற்காக அவர் கல்லைக் கோணலாக வைத்தாரா? கோணலாக வைத்திருந்தால் கோபுரம் இன்று நிமிர்ந்து நின்றிராது. தாம் காணப்போகாத உச்சிக்காகத் தம் காலத்துக் கல்லை நேர்படுத்தி வைத்தார். அவர் பெயரை நாம் அறியோம். அவரது நம்பிக்கையின்மீதுதான் பதினொரு நிலைகளும் நிற்கின்றன.

தலைமுறை கடந்து நிற்கும் நம்பிக்கையை வெறும் நல்லெண்ணத்தால் காத்துவிட முடியாது. அதற்கு நாள்தோறும் செய்யத்தக்க ஒரு முறை வேண்டும். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் கோயில்களுக்கு நந்தா விளக்கு வைத்த செய்தி காணப்படுகின்றது. நந்தா விளக்காவது அணையாமல் எரியும் விளக்கு. விளக்கு வைக்க விரும்பியவர் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பது வழக்கம். அவ்வாடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் விளக்கிற்கு ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஆடு சாவாமலும் மூவாமலும் இருக்குமோ என்று நீங்கள் வியக்கலாம். ஓர் ஆடு மூத்து இறந்தால் அதன் குட்டி அவ்விடத்தை நிரப்பும். ஆதலின், மந்தையின் எண்ணிக்கை என்றும் குறைவதில்லை என்று கொள்ளப்பட்டது. சந்திரனும் சூரியனும் உள்ள வரை அறம் நடைபெற வேண்டும் என்று அவர்கள் கல்லில் எழுதினர். எழுதியதோடு நில்லாமல், இன்றைக்கு வேண்டும் நெய் ஓர் உழக்கு என்பதையும் வரையறுத்தனர். ஊழிக்காலம் வரை எரியவேண்டிய விளக்கிற்கு ஒரு நாளில் வேண்டுவது ஓர் உழக்கு நெய்யே. பெரிய நம்பிக்கையைச் சிறிய அன்றாடக் கடமையாக மாற்றிய இவ்வறிவு போற்றத்தக்கதன்றோ?

கோயிலின் பின்னே நிமிர்ந்து நிற்கும் மலையும் இதே பாடத்தை நம் காலத்தில் கற்பிக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மலையின் சரிவுகள் பெரும்பாலும் மரங்களை இழந்து, புல்லும் பாறையுமாகக் காட்சியளித்தன. விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சியவற்றின் தளிரை ஆடுமாடுகள் மேய்ந்தன. கோடைதோறும் காய்ந்த புல்லில் தீப்பற்றிச் செடிகள் கருகின. மலையை மீண்டும் பசுமையாக்கும் நோக்குடன் 1988-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. அதன் பின்னர்த் தன்னார்வலர் பலரும் வனத்துறையினரும் அப்பணியில் ஈடுபட்டு வந்துள்ளனர்.

மலையில் மரம் வளர்த்தல் வீட்டுத் தோட்டத்தில் செடி நடுவது போன்றதன்று. இம்மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைத் தேடித் திரட்ட வேண்டும். நாற்றங்காலில் அவற்றை முளைக்கவைத்துப் பேண வேண்டும். பாறைகளினிடையே குழி தோண்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் கன்றுகளைச் சுமந்து மலையேறி நட வேண்டும். மழை ஓய்ந்தபின், புல்லை அகலமாக அரிந்து, தீ பரவாமல் தடுக்கும் வெற்றிடப் பட்டைகளை அமைக்க வேண்டும். இவ்வளவு செய்தும், நட்டவை யாவும் பிழைப்பதில்லை. பல ஆண்டு உழைப்பை ஒரே கோடையின் தீ கரியாக்கிவிடுவதும் உண்டு. அப்போது அவர்கள் செய்வது யாது? அடுத்த மழைக்கு முன் மீண்டும் குழி தோண்டுகின்றனர். இவ்வாறு ஆண்டுதோறும் நிகழ்ந்த உழைப்பின் பயனாக, வெறும் புல் மண்டிக் கிடந்த சரிவுகள் சிலவற்றில் இன்று மரநிழலைக் காண்கின்றோம். மரம் வளர்ந்த இடத்தில் அதன் வேர் மண்ணைப் பற்றுகின்றது. உதிர்ந்த இலை நீரைத் தேக்குகின்றது. பறவைகள் திரும்பி வருகின்றன. தீயை அஞ்சாதவர்களால் இக்காடு வளரவில்லை. தீ வரும் என்பதை அறிந்து, அதற்கு முன்னரே புல்லரிந்தவர்களால் வளர்ந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். ‘நமக்கு ஒரு தீங்கும் நேராது’ என்று கண்ணை மூடிக்கொள்வதும் நம்பிக்கை என்னும் பெயரால் உலவுகின்றது. அது நம்பிக்கையாகாது; அசட்டுத் துணிவாகும். 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. திருவண்ணாமலையில் பெருமழை கொட்டியது. டிசம்பர் முதல் நாள் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து அடிவாரத்து வ.உ.சி. நகர் வீடுகளின்மீது சரிந்தன. சிறுவர் ஐவர் உட்பட எழுவர் உயிரிழந்தனர். மீட்புப் படையினர் மழையினூடே இரவும் பகலும் மண்ணை அகழ்ந்தனர். ஊர் முழுதும் துயரில் ஆழ்ந்தது.

அடுத்த சில நாள்களிலேயே கார்த்திகைத் தீபத் திருநாள் வரவிருந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் மலையுச்சிக்குச் செப்புக் கொப்பரையைச் சுமந்து செல்வர். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், திரிக்கென நீண்ட காடாத் துணியும் மலைமேல் கொண்டு செல்லப்படும். மாலை ஆறு மணியளவில் பருவதராச குலத்தினர் தீபம் ஏற்றுவர். பல கல் தொலைவிலுள்ள ஊராரும் அதனைக் கண்டபின் தம் வீட்டு விளக்குகளை ஏற்றுவர். அவ்வாண்டு என்ன செய்வது? வழக்கம்போல் மக்களை மலையேற விடுவது உயிருக்கு ஊறு விளைக்கும். தீபத்தையே நிறுத்திவிடுவதோ, துயருற்ற ஊரை மேலும் இருளில் ஆழ்த்தும். நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தனர். மண் நெகிழ்ந்திருந்தமையால், அடியார்கள் மலையேற இசைவு தரப்படவில்லை. பணிக்கு வேண்டியவர்கள் மட்டும் கொப்பரையையும் நெய்யையும் சுமந்து ஏறினர். டிசம்பர் 13-ஆம் நாள் மாலை மலையுச்சியில் தீபம் சுடர்விட்டது. மக்கள் கீழே நின்று கைகூப்பினர். இடரைக் கண்கொண்டு நோக்கி, அதற்கேற்ப எச்சரிக்கையும் பூண்டு, செய்யவேண்டியதைக் கைவிடாமையே மெய்யான நம்பிக்கை என்பதை அம்மாலை உணர்த்தியது. அத்தீபத்தால் மாண்டவர் மீண்டு வரவில்லை. எஞ்சியோர் மறுநாளும் எழுந்து பணிசெய்ய அது துணைநின்றது.

வள்ளுவர் வகுத்த 133 அதிகாரங்களுள் ‘நம்பிக்கை’ என்னும் பெயருடையது ஒன்றும் இல்லை. ஆயினும், ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் நான்கு அதிகாரங்களை அவர் அடுத்தடுத்து வைத்துள்ளார். அவ்வரிசையை நம்பிக்கையின் படிகளாகவும் நாம் கொள்ளலாம். முதலில் உள்ளத்தில் எழுச்சி வேண்டும். அதனைக் கெடுக்கும் சோம்பல் நீங்க வேண்டும். பின்னர் இடையறாத முயற்சி வேண்டும். அம்முயற்சியினிடையே துன்பம் வந்தால் உள்ளம் கலங்காதிருக்க வேண்டும். எழுச்சியோடு நின்றுவிடுபவர் முதற்படியிலேயே நிற்பவராவர்.

இனி, நம் அன்றாட வாழ்வை நோக்குவோம். கணக்குப் பாடத்தில் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவர், ‘அடுத்த தேர்வில் எப்படியாவது தேறிவிடுவேன்’ என்கின்றார். ‘எப்படியாவது’ என்பதில் ஆசை உண்டு, வழி இல்லை. மற்றொருவர், தமக்கு விளங்காத பகுதி எது என ஆராய்ந்து, ஆசிரியரை அணுகி, நாளொன்றுக்கு ஐந்து கணக்குகளைச் செய்து பார்க்கின்றார். தேறுவோமோ என்னும் ஐயம் அவருக்கும் உண்டு. ஆயினும், நம்பிக்கையுடையவர் அவரே. அந்த ஐந்து கணக்குகளும் அவருடைய உழக்கு நெய்.

காசநோயுற்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். இந்நோய்க்கு வழக்கமாக ஆறு திங்கள் இடைவிடாமல் மருந்து உண்ண வேண்டும். சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணிந்துவிடும். ‘நோய் நீங்கிவிட்டது’ என்று அப்போதே மருந்தை நிறுத்துபவர் பலர். நோய் திரும்பி வருவதுமட்டுமன்றி, முன்னைய மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். துன்பம் மிக்கபோது நம்பிக்கையைப் பற்றுவது எளிது. துன்பம் சற்றுத் தணிந்தபின்னும் கடமையை விடாதிருப்பதே அரிது. இறுதி நாள் வரை மருந்துண்பவரின் நம்பிக்கையே நலத்தைத் தருகின்றது.

நம்பிக்கையை ஒருவர் தனித்து நின்று காப்பது எப்போதும் இயலாது என்பதையும் மறத்தலாகாது. வறுமையிலோ நோயிலோ பிரிவுத் துயரிலோ ஆழ்ந்த ஒருவரிடம், ‘நம்பிக்கையோடு இரு’ என்று சொல்லிவிட்டு அகலுதல் எளிது. அச்சொல்லால் அவர் பசி தீராது; அவர் துயரும் ஆறாது. அவருடைய விதை மூட்டை தீர்ந்துபோயிருக்கலாம். அப்போது அவருக்கு வேண்டுவது அறிவுரையன்று. ஒரு படி விதை. பள்ளிக்கு வாராத தோழரின் வீட்டுக்குச் சென்று பாடக் குறிப்பைக் கொடுப்பதும், மருந்தகத்துக்குச் செல்லும் முதியவருக்குத் துணைபோவதும், சொல்ல முடியாத வருத்தமுடையவர் அருகில் அமர்ந்து கேட்பதும் நம்பிக்கையைப் பகிர்ந்தளிக்கும் செயல்களாம். அவ்வாறே நம் உள்ளம் இருண்டபோது, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ நண்பரிடமோ மனந்திறந்து கூறுதல் இழிவன்று. ஒரு விளக்கில் நெய் குறைந்தால் மற்றொரு கை வந்து ஊற்றுவது உலக இயல்பு.

ஆகவே மாணவர்களே, நம்பிக்கையைப் பெருமிதமான சொற்களில் தேடாதீர்கள். மழைக்கு முன் உழுத நிலத்திலும், உண்ணாமற் காத்த விதையிலும், உச்சியைக் காணாதவர் நேர்படுத்திய அடிக்கல்லிலும், தீக்குப்பின் மீண்டும் நட்ட கன்றிலும் அதனைக் காணுங்கள். நீங்கள் விரும்பும் நன்மை யாவும் நீங்கள் விரும்பியவாறே வந்துவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால், அது வருவதற்குரிய வழியில் இன்று செய்யத்தக்கது ஒன்று எப்போதும் இருக்கும். அதனை இன்றே செய்யுங்கள். நந்தா விளக்கிற்கு நாளைய நெய்யை நாளைதான் அளக்க வேண்டும்; இன்றைய உழக்கை இன்று அளந்தால் போதும்.